பச்சைக் கோடு

மலையடிவார ஆஸ்பத்திரியின் மருந்தறையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜும் புதுக் கம்ப்யூட்டரும் இருந்தன. பாம்புக்கடி மருந்து ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும். அது இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று கம்ப்யூட்டர் கணித்துத் திரையில் கோடு போடும். கோடு சிவந்தால் ஆர்டர் போட வேண்டும்.

"தம்பி, கடைசிக் குப்பியையும் ராத்திரி நர்ஸ் எடுத்துட்டாங்க. கோட்டைச் சிவப்பாக்கு," என்றது ஃப்ரிட்ஜ்.

"நாளைக்கு மருந்து லாரி வருதே அண்ணே. அதையும் சேர்த்தா நீங்க நிறைஞ்சுதான் இருக்கீங்க."

மறுநாள் லாரி வரவில்லை. கம்ப்யூட்டர் லாரி வரும் தேதியை ஒரு நாள் தள்ளிவைத்தது. அடுத்த நாளும் அப்படியே செய்தது. மருந்தாளுநர் இருதயராஜ் காலையில் வந்து பச்சைக் கோட்டைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவார். குளிர் போய்விடுமே என்று ஃப்ரிட்ஜைத் திறக்க மாட்டார்.

ஒரு மத்தியானம், களையெடுக்கும்போது பாம்பு கடித்த பவுனம்மாவைத் தூக்கிவந்தார்கள். ஓர் ஆளுக்கு மருந்து தேவை என்று கம்ப்யூட்டரில் பதிந்ததும் பச்சைக் கோடு லேசாக இறங்கியது. இருதயராஜ் ஓடிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். குளிர்காற்று மட்டும் முகத்தில் அடித்தது.

"இருக்குன்னுதானே காட்டுது!" என்று கத்தினார்.

சாயங்காலம் வெளியே அழுகுரல் எழுந்தது. ஃப்ரிட்ஜின் கதவை யாரும் இன்னும் மூடவில்லை.

"பாருங்க அண்ணே," என்றது கம்ப்யூட்டர். "தேவை ஒன்னு குறைஞ்சிருச்சு. கோடு மறுபடி ஏறிடுச்சு."