நீல மூடி

டாக்டரின் திரையில் இரண்டு பட்டைகள், பிள்ளைகள் இருவரின் மலப் பரிசோதனை முடிவு. அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

இரண்டிலும் ஒரே நிறம்தான் நிறைந்திருந்தது.

"நல்லா இருக்கிற பிள்ளைன்னா பத்து நிறமாவது தெரியணும்மா. குடல்ல அத்தனை வகை நல்ல கிருமி இருக்கும்," என்றார் டாக்டர். "பெரியவளுக்கு இப்படி இருக்கும்னு தெரியும். தம்பிக்கும் எப்படி?"

பெரியவள் அவள் மடியில் சுருண்டிருந்தாள். மூன்றரை வயது. ஒன்பது கிலோ.

முதன்முதலில் அவளுக்கு மலத்தில் சிவப்பு தெரிந்தபோது, பீட்ரூட் என்று நினைத்து எட்டு நாள் விட்டுவிட்டார்கள். பிறகுதான் ஆஸ்பத்திரி. இது பரம்பரையில் வருவது என்றார்கள். உறவில் கல்யாணமா என்று கேட்டார்கள்.

அம்மாவின் தம்பி, என்று சொன்னாள்.

பெரியவளுக்கு இனி அவள் தம்பி சின்னவனின் எலும்பு மஜ்ஜைதான் வழி. அது பொருந்த வேண்டும். அவனுக்கு இந்த நோய் இருக்கக் கூடாது.

டாக்டர் திடீரென்று சிரித்தார்.

"உண்மையைச் சொல்லும்மா. அன்னைக்குக் காலையில சின்னவன் வெளிக்குப் போகலை. நீ பெரியவளோடதையே ரெண்டு டப்பாவிலயும் போட்டுட்ட. அப்படித்தானே? உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

மூன்று வாரத்துக்கு முந்தைய அந்தக் காலை. லாட்ஜின் குளியலறை. கால்களை நீட்டி, பாதங்களின் மேல் சின்னவனை உட்கார வைத்திருந்தாள். ஒன்றேகால் வயதுக் கனம். அவன் அவள் முழங்காலைத் தட்டிச் சிரித்தபடி இருந்தான்.

போனான்.

மஞ்சளுக்கு நடுவே, நூல் போல ஒரு சிவப்பு.

முந்தின நாள் அவனுக்குக் கொடுத்தது தயிர்சாதம் மட்டும்.

அந்த நூலை விலக்கிவிட்டுக் கரண்டியால் எடுத்தாள். நீல மூடியை இறுக்கினாள். கணவரிடம் சொல்லவில்லை.

"ஆமா டாக்டர்," என்றாள். "தப்புதான்."

நர்ஸ் இன்னொரு டப்பாவைக் கொடுத்தாள். நாளைக் காலை கொண்டுவரச் சொன்னாள். அதே நீல மூடி.

வெளியே, சின்னவன் கணவரின் தோளில் ஏறி நின்றுகொண்டிருந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வந்திருக்காம். டப்பாவுல குழப்பிட்டேன் மாமா. ரெண்டுலயும் பாப்பாவோடதையே போட்டுட்டேன்."

அவர் முகத்தில் கோபம் வந்தது. உடனே அது நிம்மதியாக மாறியது.

"உன்னையெல்லாம் பத்தாவது எப்படிடி பாஸ் போட்டாங்க? ஒரு நிமிஷத்துல உயிரே போயிருச்சு." பையனைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். "உங்கம்மா ஒரு மக்குடா முகிலா."

முகிலன் கெக்கெக்கே என்று சிரித்தான்.

மெஸ்ஸில் இலை போட்டார்கள். பெரியவளுக்குக் கஞ்சி வாங்கி வைத்தாள். அவள் இரண்டு கரண்டிக்கு மேல் குடிக்கவில்லை.

கணவர் இலையோரம் ஒதுக்கியதை அவள் பார்த்தாள். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பீட்ரூட் இன்னும் கொஞ்சம் வைங்க."

"நீ தொடவே மாட்டியே?" என்றார் கணவர்.

அவள் சின்னவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பொரியலைச் சோற்றோடு சேர்த்து, விரல்கள் சிவக்கச் சிவக்கப் பிசைந்தாள்.

சின்னவன் வாயைத் திறந்தான்.