பச்சையில் நின்ற முள்

"அந்தப் பலகைய நீயே கழட்டுறியா, இல்ல நான் கழட்டட்டுமா?"

கத்திக்கொண்டேதான் மாமா மோட்டார் அறைக்குள் நுழைந்தார். மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே அந்த மனிதருக்குத் தெரியாது.

அவள் கையைக் கட்டிக்கொண்டு ஃபில்டர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். 'இன்று யாரும் இறங்கக் கூடாது' என்று எழுதி நீச்சல்குளத்து வாசலில் மாட்டியது அவள்தான். கழற்றுவதாக இல்லை.

வேலையிடத்தில் அவளுக்குப் பூட்டு என்று பெயர். ஒன்றை முடியாதென்று சொல்லிவிட்டால் எந்தச் சாவி போட்டாலும் திறக்கமாட்டாளாம். அந்தப் பெயரை வைத்ததே மாமாதான். அம்மாவுடைய தம்பி. குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது, அவளை இங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான். சாயங்காலம் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு ஆரம்பம். காலையிலிருந்து ஃபோனில் காய்ச்சி எடுத்தது போதாதென்று இப்போது நேரிலும் வந்துவிட்டார்.

வந்ததும் முதல் வேலையாக, தொட்டி மூடியைச் சுற்றியிருந்த பட்டையில் ஸ்பானரைப் போட்டு இறுக்கினார். எப்போது வந்தாலும் இதுதான். ஏற்கெனவே இறுகிக் கிடப்பதை இன்னும் ஒரு சுற்று இறுக்கி, "சனியன் பிடிச்ச மூடி" என்று ஒரு திட்டும் திட்டுவார். மூடி அவருக்கு என்ன பாவம் செய்ததோ!

அறை முழுக்க ஒரே இரைச்சல். சுவரில் மாட்டியிருந்த துடைப்பம்கூட அதிர்ந்துகொண்டிருந்தது.

தொட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்ட அதன் தலையில் உட்கார்ந்திருந்த பிரஷர் கேஜை மாமா விரலால் தட்டிக் காட்டினார்.

"பாரு. முள்ளு பச்சையில நிக்குது. உனக்குக் கண்ணு தெரியலையா?"

அவள் அவருடைய இடது பக்கம் போய் நின்றாள். வலது காதில் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்று. குளிக்கும்போது தண்ணீர் புகுந்து அடைத்துக்கொண்டது என்பார், கேட்டவர்களிடமெல்லாம்.

"அது செத்துப்போச்சு மாமா. புதுசு மாத்தாம குளத்தத் திறக்க மாட்டேன்."

"செத்துப்போச்சா? என் பழைய வேலையிடத்துலேர்ந்து நானே என் கையால கழட்டிட்டு வந்தது. எதுக்கும் அசையாத சாமான்!"

அசையாததுதானே இங்கே தலைவலி!

அவளும் எத்தனை தடவைதான் சொல்வாள். தொட்டிக்குள் இருப்பது மணல். குளத்து அழுக்கெல்லாம் அதில்தான் போய்த் தங்கும். அழுக்கு அடைக்க அடைக்க, மோட்டார் தள்ளுகிற தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே முட்டும். வெளியிலிருந்து பார்த்தால் தொட்டி ஒன்றும் தெரியாத அப்பாவி மாதிரி நிற்கும். உள்ளே நடப்பதைச் சொல்ல அதற்கு இருக்கும் ஒரே வாய் அந்த முள். முள் பச்சையைத் தாண்டி ஏறினால் மோட்டாரை நிறுத்தி, தண்ணீரைத் திருப்பி விட்டு மணலைக் கழுவலாம். அந்த வாயே பொய் சொன்னால், தொட்டி வெடிக்கிறவரை யாருக்கும் தெரியாது. இந்த மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம்தான் பிள்ளைகள் நீச்சலுடை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும்.

போன வாரம் புதிது கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார். நேற்று கேட்டதற்கு அடம் பிடிக்காதே என்றார். இன்று அவள் கேட்கவில்லை, பலகையை மாட்டிவிட்டாள்.

"கடைசியாச் சொல்றேன். பலகைய எடு. இல்லேன்னா சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

இந்த வேலைக்காக வீட்டில் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமா? பெண்பிள்ளைக்கு மோட்டார் அறையில் என்ன வேலை என்று கேட்ட அம்மா முன்னால் இனி வெறுங்கையோடு போய் நிற்கவேண்டும். அம்மா ஒன்றும் சொல்லாமல் சிரிப்பாள். அதுதான் தாங்காது.

சாவிக்கொத்தை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள்.

"சாவியும் தரமாட்டேன், போகவும் மாட்டேன். முள்ளப் பாத்தது போதும். தொட்டியத் தொட்டுப் பாருங்க."

சொன்னதோடு விடவில்லை. அவருடைய கையைப் பிடித்துத் தொட்டியின் வயிற்றில் வைத்தாள். ஓடுகிற தொட்டி உள்ளங்கையில் துடிக்கும். இது துடிக்கவில்லை. மாமா கையைக் குழாய்க்கு மாற்றினார். அதுவும் சும்மா கிடந்தது. குனிந்து மோட்டாரைத் தொட்டார். ஜில்லென்றிருந்தது.

"காலையிலயே நிறுத்திட்டேன் மாமா. இந்தச் சத்தம் பக்கத்து ரூம்ல துண்டு துவைக்கிற மெஷினோடது."

மோட்டார் நின்றால் முள் பூஜ்ஜியத்தில் விழுந்து கிடக்க வேண்டும். அது பச்சையில் சொகுசாக நின்றுகொண்டிருந்தது.

இப்போது கத்துவார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். மாமா கத்தவில்லை. கேஜை விரலால் இன்னொருமுறை தட்டினார். பிறகு வலது காதை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"பழைய வேலையிடத்துல மூடி பறந்து இந்தக் காது செவிடான அன்னைக்கும் இது இப்படித்தான் பச்சையில நின்னுச்சு."

அவ்வளவு மெதுவாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை.

"தொட்டியே வெடிச்சும் இதுல ஒரு கீறல் விழல. கெட்டியான சாமான்னு எடுத்து வச்சுக்கிட்டேன். இத்தனை வருஷமா மூடியத் திட்டிக்கிட்டிருந்திருக்கேன் பாரு."

ஸ்பானரை எடுத்து, முதல்முறையாக மூடியை விட்டுவிட்டு, கேஜின் கழுத்தில் போட்டார்.