பக்கெட் பொய் சொல்லாது

“சுருக்கம் விழுந்துடுச்சு, நிறம் மங்கிப் போச்சு, தோல் விறைச்சுப் போச்சு. அதுக்காக மாத்திடறதா? அப்படிப் பார்த்தா இந்த வீட்டுல முதல்ல உன்னைத்தான் மாத்தணும்.”

சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார் கணவர். அவர் பேசியது வீட்டுக்குப் பின்னால் இருந்த நீச்சல் குளத்தின் லைனரைப் பற்றி. தண்ணீர் வெளியே போகாமல் குளத்துக்கு உள்ளே விரித்திருக்கும் நீல நிற வினைல் ஷீட்.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டு வலிக்குத் தண்ணீரில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். போன வாரம் அடியில் இருந்த மடிப்பில் கட்டைவிரல் மாட்டி, குப்புற விழுந்து, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அன்றிலிருந்து குளத்துப் பக்கம் போனாலே கால் பின்வாங்கியது.

“தண்ணியும் குறையுதுங்க. எங்கேயோ கசியுது.”

“வெயிலுக்கு ஆவியாகுது. லைனர் கிழிஞ்ச இடத்துல என் கையால ஒட்டின ஒட்டு ஒண்ணுகூட இதுவரைக்கும் பிரியல, தெரியுமா?”

அவள் தம்பிக்கு நீச்சல் குளம் வேலைதான் தொழில். அவனை வரவழைத்தாள். அவன் லைனரின் மேல் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். கொஞ்சமும் நீளவில்லை.

“அட்டை மாதிரி ஆயிடுச்சு மாமா. மாத்திடுங்க.”

“துணிக்கடைக்காரன்கிட்ட போய்ப் புதுச்சட்டை எடுக்கலாமான்னு கேட்டா, வேண்டாம்னா சொல்வான்?”

தம்பிக்குச் சுருக்கென்றது. “அப்ப என்னை நம்ப வேண்டாம். பக்கெட்டை நம்புங்க.”

ஒரு பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, மிதக்காமல் இருக்க உள்ளே செங்கல் போட்டு, குளத்தின் முதல் படியில் வைத்தான். பக்கெட்டில் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு கோடு, குளத்துச் சுவரில் ஒரு கோடு.

“ரெண்டும் ஒரே வெயில்லதான் காயும். ரெண்டும் ஒரே மாதிரி குறைஞ்சா மாமா சொன்னதுதான், ஆவி. பக்கெட்டைவிடக் குளம் அதிகமா குறைஞ்சா ஓட்டை. ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கறேன்.”

“குளம் அதிகமா குறைஞ்சா மறுநாளே புது லைனர்” என்றார் கணவர். “இல்லேன்னா இந்தப் பேச்சே இனி வீட்டுல எடுக்கக் கூடாது. பக்கெட் பொய் சொல்லாது.”

மறுநாள் சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் ஊற்ற பிளாஸ்டிக் மக்கோடு போனவள், பக்கெட்டை எட்டிப் பார்த்தாள். கோட்டுக்குக் கீழே லேசாக இறங்கியிருந்தது. இப்படி இதுவும் சேர்ந்து குறைந்தால் என் கதி என்ன என்று நினைத்தாள்.

சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு கோடு வரைக்கும் மக்கைப் பக்கெட்டில் சாய்த்தாள். பொய் ஒன்றும் இல்லை, கசிவது உண்மைதானே, அந்த உண்மைக்கு ஒரு கை கொடுக்கிறோம், அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனால் காலையில் போய்ப் பார்த்தால் குளமும் கோட்டிலேயே நின்றது. அதற்கு மறுநாளும் அப்படியே. தினமும் சாயங்காலம் அவள் பக்கெட்டை நிரப்புவாள், தினமும் காலையில் குளம் அவளைப் பார்த்துச் சிரிக்கும்.

அவர் ஒட்டியது நிஜமாகவே நிற்கிறதோ? தானாகத்தான் கால் தடுக்கி விழுந்தோமோ? அவளுக்குத் தூக்கம் கெட்டது.

கணவருக்கோ புது உற்சாகம். இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர், இப்போது அவளுக்கு முன்னால் எழுந்துவிடுகிறார். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வரும்போது, ஈரச் செருப்பை வாசலில் உதறிவிட்டு உள்ளே வருவார்.

“எங்க போனீங்க?”

“நடக்கத்தான். டாக்டர் உன்னை மட்டும்தான் நடக்கச் சொல்வாரா?”

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். மண்டையைப் பிளக்கிற வெயில். படியில் குந்தி, முதலில் குளத்துக் கோட்டைப் பார்த்தான். பிறகு பக்கெட்டைப் பார்த்தான். மறுபடி குளத்தைப் பார்த்தான்.

“என்ன மச்சான், வாயடைச்சுப் போச்சா?” கணவர் நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டினார். “ஒரு சொட்டு குறைஞ்சிருக்கா சொல்லு. இனிமே லைனர்னு யாராவது வாயைத் திறந்தா பார்த்துக்கோ.”

மனைவி மக்கைக் கையில் பிடித்தபடி செடியோரமாக நின்றாள். இனி ஜென்மத்துக்கும் குளத்தில் இறங்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

“அதான் மாமா இடிக்குது” என்றான் தம்பி மெதுவாக. “இந்த பக்கெட் இத்தனை நாளா வெயில்ல திறந்து கிடக்கு. ஆவிக்காவது கொஞ்சம் குறைஞ்சிருக்கணும்ல? யாரோ இதுல தண்ணி ஊத்தியிருக்காங்க.”

மனைவியின் முகம் வெளுத்தது. மக்கைப் புடவைத் தலைப்பில் மறைத்தாள். கணவர் பார்த்துவிட்டார். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“அடிப்பாவி, நீயும் ஊத்தினியா?”

தலையைக் குனிந்திருந்தவள் மெல்ல நிமிர்ந்தாள்.

“‘நீயும்’னா, இன்னொருத்தர் யாருங்க?”