ஒட்டுக் கேட்பவள்

படிப்புக்காக ஜார்ஜியாவிலிருந்து லிதுவேனியத் தலைநகர் வில்னியஸ் வந்து மூன்று மாதமாகியும், அறைத்தோழி டைவா மீது எத்தேரிக்கு நம்பிக்கை வரவில்லை.

"அம்மா, உன்கிட்ட போன்ல பேச ஆரம்பிச்சாலே அவ கதவுக்குப் பின்னால வந்து நின்னுடறா."

"நம்ம ஜார்ஜியப் பேச்சு லிதுவேனியாக்காரிக்கு என்னடி புரியும்? வேற ஏதோ திட்டம் இருக்கு. முதல்ல வீட்டை மாத்து."

எத்தேரி சட்டென்று கதவைத் திறந்தாள். டைவா திடுக்கிட்டு நின்றாள்.

"வெக்கமா இல்ல? நாளைக்கே காலி பண்றேன்!" என்று அரைகுறை லிதுவேனியத்தில் கத்தினாள் எத்தேரி.

டைவாவின் முகம் சிவந்தது. தட்டுத்தடுமாறி ஜார்ஜிய மொழியில் பேசினாள். "போகாத... உன் பாஷைய கத்துக்கறேன். அதுல பேசும்போது மட்டும்தான் நீ சிரிக்கிற."

போனில் அம்மாவின் குரல் கேட்டது.

"யாருடி அது? ஐயோ பாவம், தப்புத்தப்பா பேசுதே! போனை அவகிட்ட குடு."