கோலமில்லாத வாசல்

பதறிப்போய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்கிறவர்களிடம் நிதானமாக அடையாளம் கேட்பதுதான், பாவம், பிரமிளாவின் வேலை.

"தெரு சொல்லிட்டீங்க ஐயா. வீட்டுக்கு என்ன அடையாளம்?"

"என்னத்தம்மா சொல்ல?" பெரியவருக்கு மூச்சு வாங்கியது. "காலனி பூரா ஒரே மாதிரி வீடு, ஒரே பச்சைக் கதவு. நம்பரும் அழிஞ்சு போச்சு. நான் கால் விளங்காம கட்டில்ல கிடக்கேன். என் வீட்டுக்காரி நடையில விழுந்து கிடக்கா. கூப்பிட்டா பேசமாட்டேங்கிறா."

"வெளியில யாரையாவது நிக்கச் சொல்லுங்களேன்."

"கத்திப் பாத்துட்டேன். மார்கழி இல்லையா, எல்லாரும் கோயிலுக்குப் போயிருப்பாங்க." பிறகு அவரே சொன்னார்: "கோலமாவு டப்பா அவ கையிலயே இருக்கும்மா. இன்னிக்கிக் கோலமில்லாத வாசல் எங்களுதுதான். அதைப் பாத்து வரச்சொல்லு."

பிரமிளா அதை அப்படியே வண்டிக்குச் சொன்னாள். தெருவுக்குள் நுழைந்த ஓட்டுநர் திரும்பக் கூப்பிட்டார். "மேடம், கோலமில்லாத வாசல் ரெண்டு இருக்கு. எதிரும் புதிருமா. எதுல போக?"

பெரியவரைக் கேட்டாள். "கிழக்கே பாத்த வாசல் எங்களுது. எதிர்வீட்டுலயா கோலமில்ல? தேவகிதானேம்மா தினம் முதல்ல போடுறவ." அவர் குரல் இறங்கியது. "அவ தனியா இருக்கிறவம்மா."

பிரமிளா இன்னொரு வண்டியை அனுப்பினாள். "நர்ஸைக் கிழக்கே பாத்த வாசலுக்கு அனுப்பிட்டு, எதிர்க் கதவைத் தட்டுங்கண்ணே" என்று தெருவில் நின்ற ஓட்டுநரிடம் சொன்னாள்.

அவர் தட்டுவது போனில் கேட்டது. பெரியவருக்கும் கேட்டிருக்க வேண்டும். இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.