நாளைக்கு சார்

“அந்தச் சுவரை இடிச்சுடுங்க” என்று கொத்தனாரிடம் சொன்னார் மேற்பார்வையாளர்.

நூலகர் அம்மாவுக்கு வயிறு எரிந்தது. இப்போதுதான் அது இடுப்புயரம் எழும்பியிருந்தது.

புது நூலகம் இப்படித்தான் ஆமை வேகத்தில் வளர்ந்தது. தரை போட்டால் மேற்பார்வையாளர் பெயர்க்கச் சொல்வார், ஜன்னல் வைத்தால் கழற்றச் சொல்வார். எப்போது முடியும் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில். ஊரே அவருக்கு ‘நாளைக்கு சார்’ என்று பேர் வைத்துவிட்டது.

பழைய வாடகைக் கட்டடத்திலோ கூரை ஒழுகிப் புத்தகங்கள் ஊறிக்கொண்டிருந்தன. ஈரப் பக்கங்களைப் பிரித்து உலர்த்துவதிலேயே அந்த அம்மாவுக்குப் பொழுது போனது. தற்காலிக வேலைதான், சேர்ந்து ஒரு வருஷம் முடிந்தால் நிரந்தரம். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கணவருக்கு அதன்பிறகுதான் நல்ல வைத்தியம்.

ஒருநாள் மேற்பார்வையாளரே தார்ப்பாய் கொண்டுவந்து பழைய கூரைமேல் கட்டிவிட்டுப் போனார். வாயை அடைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தார் அந்த அம்மா.

இன்று சுவரையும் இடிக்கச் சொன்னதும் கேட்டேவிட்டார்: “ஏன் சார் இடிக்கணும்?”

“மட்டம் சரியில்லைம்மா.”

அவர் நகர்ந்ததும், அங்கே கிடந்த ரசமட்டத்தை எடுத்துச் சுவர்மேல் வைத்துப் பார்த்தார் நூலகர் அம்மா. குமிழி நட்டநடுவில் நின்றது. கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டார்.

பூனைக்கு யாராவது மணி கட்டத்தானே வேண்டும்? நேரே நகராட்சித் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார்.

மறுநாளே நாளைக்கு சாருக்கு வேலை போயிற்று. தார்ப்பாயை மட்டும் அவிழ்க்காமல் விட்டுவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் மளமளவென்று முடித்துவிட்டார். திறப்பு நாளன்று புது அலமாரிகளைத் தடவித் தடவிப் பார்த்து ஓய்ந்த நூலகர் அம்மாவைத் தலைவர் கூப்பிட்டார்.

“நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்மா. இங்கே வேற ஆள் போட்டாச்சு. பழைய கட்டடம் இருக்கிறவரைக்கும்தான் உங்களுக்கு வேலைன்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணினது.”

வருஷம் முடிய இன்னும் மூன்றே வாரம். அந்த அம்மா எப்படியோ படியிறங்கி வந்தார். கணவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

வெளியே கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“தலைவர் இதை முடிவு பண்ணினப்ப பழைய சார் பக்கத்துலதான் இருந்தார். உங்ககிட்ட சொன்னா நேரா அவர்கிட்டயே நியாயம் கேக்கப் போயிடுவீங்க, அன்னைக்கே அனுப்பிடுவாங்கன்னு பயந்தார்” என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: “எல்லாச் சுவரும் நேராத்தாம்மா இருந்துச்சு. உங்களுக்கு வருஷம் முடியட்டும்னுதான் இடிக்கச் சொன்னார்.”