கைப்பேசி எந்த மொழியில் திறக்க வேண்டும்?

பினாங்குச் சிறுநீரக மையத்தில் உலகப்போர் நடக்கிறது. கைப்பேசியில் மையத்தின் இணைய முகவரியைத் தட்டினால் எந்த மொழிப் பக்கம் திறக்கவேண்டும்? "மலாய்தான்லா," என்கிறார் மேலாளர் ரொஹானா. "போன் எந்த மொழியில இருக்கோ, அதுலயே திறக்கட்டும், பாஸ்," என்கிறார் கணினிக்காரர் கூ. நோயாளி கெய்க் சிம் தன் போனைக் கூவின் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். "கடைக்காரன் இங்கிலீஷ்ல வெச்சுக் குடுத்துட்டான், பெரிய மூளைக்காரரே! எனக்குச் சீனம்தான் படிக்க வரும். பக்கத்துல நேரம் மாத்திப் போட்டது புரியாம போன வாரம் ரத்தம் சுத்தம் பண்றதே தவறிப்போச்சு." கூ தன் கணினியில் எதையோ மாற்றுகிறார். இப்போது கெய்க் சிம்மின் போன் திரையில் நான்கு மொழிகளின் பெயர்கள் மட்டும், அதனதன் எழுத்தில். அவர் சீனத்தைத் தொடுகிறார், பக்கம் விரிகிறது. பக்கத்து நாற்காலியில் காத்திருக்கும் நான் நாற்பது வருடம் துறைமுகத்தில் கப்பல் பார்த்தவன், இத்தனை பெரிய கப்பல் கரைசேர்ந்து பார்த்ததில்லை. கெய்க் சிம் யாரையும் கேட்காமல், கூரை அதிரப் படிக்கிறார்: "செவ்வாய், காலை ஏழு மணி!"